கனமான ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு எந்த முக்காலி, எந்த ஹெட்: ஆறு பருவங்களின் அனுபவம்

என்னிடம் உள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது தொலைவிலுள்ள பறவைகளைப் பார்க்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கி, 85 மி.மீ. முகப்பு வில்லை கொண்டது. 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும். கண் வைக்கும் முனை 45 பாகை சாய்ந்திருக்கும் வகையைச் சேர்ந்தது. எடை ஏறத்தாழ 2 கிலோ. 2018இல் வாங்கியதிலிருந்து, வலசைப் பறவைகள் வந்து தங்கும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில், கோடியக்கரையை ஒட்டிய சதுப்பிலும் உப்பளக் கரைகளிலும், இடையிடையே பள்ளிக்கரணையிலும் இதைப் பயன்படுத்தி வருகிறேன். ஸ்கோப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சிக்கலெல்லாம் அதைத் தாங்கி நின்ற முக்காலியிலும், இரண்டுக்கும் நடுவே இருந்து ஸ்கோப்பைத் திருப்பவும் சாய்க்கவும் உதவும் ஹெட்டிலும்தான் இருந்தது. மூன்று முக்காலிகளையும் நான்கு ஹெட்டுகளையும் மாற்றிய பிறகே இப்போதுள்ள இணை அமைந்தது என்பதால், அந்தச் செலவில் கற்றதை விரிவாக எழுதுகிறேன்.

இவ்வளவு எடையுள்ள ஸ்கோப்புக்கு ஆலோசனை தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பகுதி, அமெரிக்காவின் மேற்கு மலைப் பகுதிகளில் மான் வேட்டையாடுபவர்கள் எழுதியவை. இங்கே 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. நமக்கு இந்தக் கருவி பறவை பார்க்கத்தான். ஆனாலும் அவர்களுடைய அனுபவத்தை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. முதுகுப் பையோடு மலையேறி, ஒரு சரிவில் உட்கார்ந்து, எதிர்ச்சரிவை மணிக்கணக்கில் துழாவுகிறவர்கள் அவர்கள். அதனால் நடுத்தண்டு (கால்களின் நடுவே ஏற்றி இறக்கும் தண்டு) இல்லாத, குட்டையான, எடை குறைந்த முக்காலியையும், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் தனித்தனியே நகரும், உள்ளங்கையில் அடங்கும் சிறிய பான் ஹெட்டையும் விரும்புகிறார்கள். நடுத்தண்டைக் கைவிடுவதையும் உட்கார்ந்து பார்ப்பதையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். சிறிய பான் ஹெட்டை எடுத்துக்கொண்டதில் மட்டும் ஏமாந்தேன். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வாங்கியது பயணத்துக்கென்றே விற்கப்படும் ஐந்து பிரிவு அலுமினிய முக்காலியும், அதனுடன் வந்த, பந்து மூட்டில் எல்லாப் பக்கமும் சுழலும் பால் ஹெட்டும். 8 கிலோ தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள். என் ஸ்கோப் 2 கிலோதானே என்று நினைத்துக்கொண்டேன். வேதாரண்யம் பக்கத்து உப்பளக் கரை ஒன்றில், பாத்தியில் மேய்ந்துகொண்டிருந்த கொசு உள்ளான் கூட்டத்தைத் தொடர்வதற்காகக் குமிழைச் சற்றே தளர்த்தினேன். ஸ்கோப் முன்பக்கம் சாயாமல் பக்கவாட்டில் தலை கவிழ்ந்து, முக்காலியின் காலில் மோதி நின்றது. வில்லை தப்பியது, உறையில் விழுந்த வடு இன்றும் இருக்கிறது. பெட்டியில் இருந்த எண்ணை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். 8 கிலோவை நேர் மேலே வைத்தால் அது முறியாமல் நின்றிருக்கக்கூடும். ஆனால் எவ்வளவு தாங்கும் என்பதை எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளப்பதில்லை. தவிர, முறியாமல் தாங்குவதும் ஆடாமல் நிற்பதும் வேறு வேறு.

ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 60 மடங்கில் பார்க்கும்போது படம் பெரிதாவதைப் போலவே அசைவும் 60 மடங்காகிறது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு மட்டுமே ஸ்கோப் அசைந்தாலும் கண்ணுக்கு அது ஒரு பாகை அசைவாகத் தெரியும். அந்த மடங்கில் ஒரு கிலோமீட்டர் தொலைவில் தெரியும் பரப்பின் அகலம் 20 மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். உள்ளானின் காலில் ஆய்வாளர்கள் பூட்டிய வண்ணப் பட்டையில் இருக்கும் எழுத்தை, நூறு மீட்டருக்குள் வந்த பறவையிடம்கூட, நடுங்கும் படத்தில் படிக்க இயலாது. முதல் முக்காலியில் குவிய வளையத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால் படம் நிலைபெற நான்கைந்து வினாடிகள் ஆயின. உள்ளான் அதற்குள் மூன்றடி நடந்துவிடும். இப்போதுள்ளதில் ஒரு வினாடிகூட ஆவதில்லை. கடையில் எதை எடுத்தாலும் நான் செய்யும் முதல் சோதனை இதுதான்: ஸ்கோப்பைப் பொருத்தி, அதிக மடங்கில் எதிர்க் கட்டடத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்தபடி ஒரு காலை விரலால் தட்டி, எழுத்து எப்போது நிலைக்கிறது என்று எண்ணுவது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கால்களைப் பொறுத்தவரை குழாயின் விட்டமே முதலில் பார்க்க வேண்டியது. சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால், மெல்லிய குழாயின் வளையாத்தன்மை அதன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்துக் கூடும். ஆகவே 28 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய், நான்கு மி.மீ. வித்தியாசத்திலேயே, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பாக இருக்கிறது. பிரிவுகள் கூடக்கூடக் கடைசிக் குழாய் ஒல்லியாவதால், மடக்கினால் சற்று நீளமாக இருந்தாலும் மூன்று பிரிவு முக்காலியையே தேர்ந்தெடுத்தேன். கார்பன் ஃபைபரா, அலுமினியமா என்ற கேள்விக்கு என் விடை வண்டியில் போகிறவருக்கு ஒன்று, நடந்து போகிறவருக்கு இன்னொன்று. தடித்த அலுமினியக் கால்கள் உண்மையிலேயே உறுதியானவை. என் இரண்டாவது முக்காலி அப்படிப்பட்டதுதான், அதன் நிலைத்தன்மையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஹெட்டுடன் சேர்த்து மூன்றரைக் கிலோ. ஸ்கோப்பையும் கூட்டினால் தோளில் ஐந்தரைக் கிலோ. கரையில் நான்கு கிலோமீட்டர் நடந்த பிறகு, இறக்கி வைத்துப் பார்க்க வேண்டிய இடங்களில் எல்லாம் இறக்காமல் கடந்து போகத் தொடங்கினேன். அதனால்தான் கார்பன் ஃபைபருக்கு மாறினேன். 1994இல் கிட்சோ நிறுவனம் கார்பன் ஃபைபர் முக்காலியை முதன்முதலாகக் கொண்டுவந்தபோது அது பெரும் பணக்காரர்களுக்கான பொருள். இன்று பல நிறுவனங்கள் செய்வதால் விலை எட்டும் தொலைவுக்கு வந்திருக்கிறது. என்னுடையது 32 மி.மீ. மேற்குழாயுடன் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

அதில் நடுத்தண்டு இல்லை. தண்டை ஒரு சாண் உயர்த்தினாலே முக்காலி ஒற்றைக் காலியாகிவிடுகிறது என்பதை முன்னைய இரண்டிலும் கண்டிருந்தேன். சாய்ந்த கண்முனை உள்ள ஸ்கோப்புக்கு அந்த உயரம் தேவைப்படுவதும் இல்லை. மார்பளவில் நிறுத்திக் குனிந்து பார்த்தால் போதும். நேர்முனை ஸ்கோப் வைத்திருப்பவர்கள் மட்டும் ஹெட்டின் உயரத்தைக் கழித்து, தண்டில்லாமலேயே கண் மட்டத்துக்கு வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இனி ஹெட். பணம் போதவில்லை என்றால் காலில் சமரசம் செய்துகொள்ளலாம், ஹெட்டில் கூடாது என்பேன். இதை மறுப்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் எடை குறைந்த 65 மி.மீ. ஸ்கோப் வைத்திருப்பதைக் கவனித்திருக்கிறேன். பால் ஹெட்டில் எல்லாத் திசைகளையும் ஒரே குமிழ் பூட்டுவதால், மேலும் கீழும் நகர்த்துவதற்காகத் தளர்த்தினால் பக்கவாட்டுப் பிடியும் போய்விடுகிறது. ஒளிப்படக் கருவிக்குப் பொருத்தமான அது, நீண்ட ஸ்கோப்புக்குப் பொருத்தமில்லை. அடுத்து வாங்கிய சிறிய பான் ஹெட் பக்கவாட்டில் கவிழாது. வேட்டைக்காரர்கள் அதைப் புகழ்வதற்கும் காரணம் உண்டு: ஓர் இடத்தில் நிறுத்தி, பூட்டி, நெடுநேரம் ஒரே சரிவைப் பார்ப்பவருக்கு அது போதும். சேற்றில் ஓடி ஓடி நிற்கும் உப்புக்கொத்தியைப் பின்தொடர்கிறவருக்குப் போதாது. பூட்டும்போது ஸ்கோப் சற்றே கீழிறங்கும். பறவை தெரிந்த இடத்தில் வெறும் சேறு தெரியும். மேலே கொஞ்சம் கூட்டிக் குறி வைத்துப் பூட்டும் பழக்கம் எனக்கு வந்தது. அப்படியொரு பழக்கம் வந்துவிட்டதென்றால் ஹெட் சரியில்லை என்றுதான் பொருள்.

மூன்றாவதாக, பெரிய வீடியோ கேமராக்களுக்கான, உள்ளிருக்கும் கெட்டியான திரவத்தால் அசைவை மென்மையாக்கும் ஃப்ளூயிட் ஹெட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். நகர்வு வெண்ணெய் போல இருந்தது. ஆனால் இவ்வகை ஹெட்டுகளில் சாயும் எடையைத் திருப்பித் தள்ளுவதற்கு ஒரு சுருள்வில் இருக்கும். அதன் விசை ஸ்கோப்பின் எடைக்கு ஒத்துப்போக வேண்டும். விசை குறைந்தால் ஸ்கோப் மூக்குக் குப்புறச் சாயும். கூடினால் கையை எடுத்ததும் மேலெழும்பிக் கிடைமட்டத்துக்குத் திரும்பிவிடும். ஆறு கிலோ கேமராவுக்கான வில் என் ஸ்கோப்பை ஒவ்வொரு முறையும் எழுப்பிவிட்டது. பெரிதாக வாங்கினால் பாதுகாப்பு என்ற எண்ணம் அதோடு போயிற்று. இப்போது ஐந்தாண்டுகளாக வைத்திருப்பது மான்ஃப்ரோட்டோ நிறுவனத்தின் எம்.வி.எச்.500 வரிசையைச் சேர்ந்த ஃப்ளூயிட் ஹெட். எடை சுமார் 900 கிராம். அதன் நிலையான எதிர்விசை 2.4 கிலோவை ஒட்டி அமைந்தது. என் ஸ்கோப்புடன் கைப்பேசியைப் பொருத்தும் வளையத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய அதே எடை வருகிறது. வேண்டிய கோணத்தில் விட்டுவிட்டுக் குறிப்பேட்டை எடுத்து எழுதித் திரும்பினால், பார்த்த இடத்திலேயே ஸ்கோப் நிற்கிறது. பூட்டைத் தொட்டே பல நாட்களாகின்றன. விசையை மாற்றியமைக்க முடியாதது இதன் குறை. நண்பரின் இலேசான ஸ்கோப்பை வைத்தால் இதிலும் அது எழும்பத்தான் செய்கிறது.

எடை ஒத்துப்போனால் மட்டும் போதாது, எடையின் மையம் ஹெட்டின் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். ஸ்கோப்பின் பாதம் உற்பத்தியாளர் வைத்த இடத்தில் இருக்கும்; கைப்பேசியை மாட்டினால் மையம் பின்னுக்குப் போகும். ஆகவே பாதத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே முன்பின் நகரும் நீண்ட தட்டு அவசியம். ஒற்றைத் திருகில் நிற்கும் பாதம் நாளடைவில் தளர்ந்து சுழலும். தட்டில் திருகுடன் ஒரு சிறு முளையும், பாதத்தில் அதற்கான துளையும் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆர்கா-ஸ்விஸ் என்ற, பல நிறுவனங்களும் பின்பற்றும் பிடி வகைக்கான 38 மி.மீ. தட்டாகவே பாதம் வார்க்கப்பட்ட ஸ்கோப்புகளும் வருகின்றன. அவற்றை வாங்குவோர் அந்த வகைப் பிடியுள்ள ஹெட்டை எடுத்தால் தட்டே தேவைப்படாது.

களத்தில் மிகப் பெரிய எதிரி காற்று. வாடை வீசும் நாட்களில் எந்த முக்காலியும் முழு உயரத்தில் நிற்க விரும்புவதில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கீழ்ப் பிரிவை நீட்டாமல், கால்களை அகட்டி வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். தொங்கும் பை காற்றில் ஊசலாடி ஆட்டத்தைக் கூட்டவே செய்யும், அதன் அடி தரையைத் தொட்டிருந்தால் மட்டுமே பயன். சேற்றில் கால் இறங்காமலிருக்க மூன்று பெயின்ட் வாளி மூடிகளை வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு மேல் உப்பளத்தின் மீது எழும் கானலுக்கு மட்டும் எந்த முக்காலியிலும் மருந்தில்லை.

பராமரிப்பில் உப்பைத் தவிர வேறு கவலை இல்லை. திரும்பியதும் கால்களை முழுதாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காய வைத்து, பருவத்துக்கு ஒருமுறை முறுக்குப் பூட்டுகளைக் கழற்றி மணலைத் துடைத்துப் புதிய கிரீஸ் இடுகிறேன். ஹெட்டை மட்டும் தண்ணீரில் காட்டுவதில்லை. ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. நான்காம் பருவத்தில், கால்கள் மேலே இணையும் இடத்திலுள்ள தோள்பட்டைத் திருகுகள் தளர்ந்து ஒரு கால் தானாக விரிய ஆரம்பித்தது. அன்று அதற்கான அறுகோணச் சாவி வீட்டில் இருந்ததால் பாதி நாள் வீணாயிற்று. இப்போது அதை ஒரு ரப்பர் பட்டையால் காலோடு சேர்த்தே கட்டி வைத்திருக்கிறேன்.