மாத்திரைக்கு எந்த ஊர்க் கடிகாரம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டில் காலை 8 மணிக்கு ஒரு மாத்திரை, இரவு 8 மணிக்கு ஒரு மாத்திரை. பதினாறு வயதிலிருந்து இதுதான் என் வழக்கம். எனக்கு இருப்பது பதின்வயதில் தலைகாட்டும் மயோகுளோனிக் வகை வலிப்பு. தூங்கி எழுந்த சிறிது நேரத்துக்குள் கை வெடுக்கென்று உதறும். இரவுத் தூக்கம் கெட்டிருந்தால் முழு வலிப்பாகவே வந்துவிடலாம். மேற்படிப்புக்கு பிரான்ஸ் என்று முடிவானபோது விசாவைவிட இந்த இரண்டு எட்டு மணிகளைப் பற்றித்தான் வீட்டில் அதிகம் பேசினோம்.

இந்திய நேரத்தையே வைத்துக்கொள் என்பது அம்மாவின் கட்சி. இரண்டு வேளையும் அவரே கூப்பிட்டு நினைவூட்டுவாராம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டபோதுதான் உதைத்தது. செப்டம்பரில் பிரான்ஸ் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே காலை 8 என்றால் அங்கே 4:30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அது 3:30 ஆகிவிடும். வலிப்பைத் தடுக்கும் மாத்திரைக்காகத் தினமும் நடுத்தூக்கத்தில் எழுவது, கூரை ஓட்டையை அடைக்க அதே கூரையிலிருந்து ஓலை பிடுங்குவது போலத்தான்.

வேடிக்கை என்னவென்றால், டொராண்டோ போன புதுச்சேரி நண்பருக்கு அதே யோசனை அச்சாகப் பொருந்தியது. அவருக்கும் 8 மணி வழக்கம்தான். இந்தியாவின் காலை 8 அங்கே முந்தைய இரவு 10:30, குளிர்காலத்தில் 9:30. இந்தியாவின் இரவு 8 அங்கே காலை 10:30 அல்லது 9:30. மாத்திரைக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது; பன்னிரண்டு மணி நேர இடைவெளி இருந்தால் போதும். ஆனால் உடம்புக்குத் தெரியுமே! பகல் இரவாகிவிட்ட முதல் பத்து நாட்கள் அவர் வகுப்பில் சாய்ந்து, இரவில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். மாத்திரைக்கு எளிய ஊர் தூக்கத்துக்குக் கடினமான ஊராக இருக்கிறது. எங்கள் வகை வலிப்புக்கு இரண்டாவதைத்தான் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, பிரான்ஸ் நேரத்துக்கு மாறுவது என்றால் ஒரே தாவலா, படிப்படியா? ஒரே தாவலில் கிளம்பும் நாளின் காலை மாத்திரைக்கும் அடுத்ததற்கும் இடையே பதினைந்தரை மணி நேரம் விழும். நான் எடுப்பது லெவெடிரசெட்டம். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய 6 முதல் 8 மணி நேரம்தான். என் மருத்துவர் ஒரு நாளைக்கு அரை மணி வீதம் ஏழு நாளில் தள்ளச் சொன்னார். கடலூரிலேயே நாலு நாளில் 10 மணிக்கு வந்துவிட்டேன். அங்கே அது 6:30. இறங்கிய பின் மூன்று நாளில் 8. மற்றவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும் லாமோட்ரிஜின் போன்ற மருந்து என்றால் மருத்துவர் வேறு கணக்குச் சொல்லக்கூடும். கிளம்புமுன் சீட்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதி வாங்குங்கள். நம் ஊர் அட்டையில் இருக்கும் வணிகப்பெயர் அந்த ஊர் மருந்துக்கடைக்காரருக்குப் புரியாமல் போகலாம்.

விமானம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானம் மலிவு என்றாலும், கடலூரிலிருந்து நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் போய் அதில் ஏறினால் அந்த இரவு முழுக்கப் போச்சு. சென்னையில் உறவினர் வீட்டில் தூங்கிவிட்டுக் காலை விமானம் பிடித்தேன்.

தங்கும் இடத்தில்தான் நான் தவறாகக் கணக்குப் போட்டேன். தனி அறையா, பகிர்ந்த வீடா? தூக்கம்தான் முக்கியம் என்று தனி அறை எடுத்தேன். சத்தமில்லை, 11 மணிக்கு விளக்கணைப்பு, நல்ல தூக்கம். ஆனால் தனி அறையில் கண்டிக்கவும் ஆளில்லை. தேர்வுக்காக ஒருநாள் அதிகாலை 3 மணி வரை விழித்திருந்தேன். காலையில் காப்பிக் கோப்பை கையிலிருந்து எகிறியது. அடுத்து நினைவு வந்தபோது தரையில் கிடந்தேன், நாக்கு கடிபட்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று சொல்ல யாருமில்லை.

அடுத்த பருவத்தில் காரைக்கால்காரர் ஒருவருடன் வீடு பகிர்ந்தேன். இரவு 11 மணிக்குக் குக்கர் விசில் அடிக்கும் வீடு அது. முதல் வாரமே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பேன் என்றார்! இரும்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டினால் அவசர எண் 112 என்றேன். குளிர்பதனப் பெட்டிக் கதவில் எழுதியும் ஒட்டினார். குக்கர் 9 மணிக்கு மாறியது. தூக்கம் தனி அறை அளவுக்கு இல்லை, உண்மைதான். இருந்தும் இந்த வீட்டையே எடுப்பேன்.

பகுதிநேர வேலையில் தயக்கமே தேவைப்படவில்லை. பிரான்ஸில் மாணவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம். ரொட்டிக் கடையின் விடிகாலை வேலைக்கும் உணவகத்தின் பின்னிரவு வேலைக்கும் சம்பளம் அதிகம். இரண்டையும் விட்டுவிட்டு நூலகத்தில் மதிய வேலையில் சேர்ந்தேன்.

அம்மாவின் அழைப்பும் பாதியாகக் குறைந்தது. என் காலை 8 அவருக்குக் குளிர்காலத்தில் பகல் 12:30. உலையை இறக்கிவிட்டுக் கூப்பிடுவார். என் இரவு 8 அவருக்கு நள்ளிரவு தாண்டி 12:30. முதல் வாரம் அதற்கும் விழித்திருந்து கூப்பிட்டார். நீங்களாவது தூங்குங்கள் என்று சண்டை போட்ட பிறகு, அந்த வேளைக்கு இப்போது காரைக்கால்காரர் கதவைத் தட்டுகிறார்.