காசிமேட்டுக் காற்றில் ஐந்து ஆண்டு ஓடிய ஏசி

"மாமா, உங்கள் வீட்டு ஏசியையே நானும் வாங்கிவிடட்டுமா?" என்று மைத்துனன் கேட்ட நேரம் சரியில்லை. மெக்கானிக் அப்போதுதான் பணத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கியிருந்தார்.

ஒன்றரை டன், இன்வெர்ட்டர், குளிரூட்ட ஆர்-32 என்ற காஸ். குளிரில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மின்விசிறி அனலை வாரி இறைக்கும் மே மாத மதியத்திலும் கால் மணி நேரத்தில் அறை அடங்கிவிடும். குளிரைவிட எனக்குப் பிடித்தது அது புழுக்கத்தைப் பிழிந்தெடுக்கும் விதம். காற்றின் ஈரம் உள்ளே இருக்கும் குளிர்ந்த காயிலில், அதாவது வளைவு வளைவான குழாயில், பட்டு நீராகி, விடிவதற்குள் முக்கால் வாளி நிறைந்துவிடும். அம்மா அதில்தான் மாடிப்படி துடைக்கிறார்.

எரிச்சல் வேறு இடத்தில். ஐந்து ஆண்டில் இது மூன்றாவது தடவை. "காஸ் தீர்ந்துவிட்டது சார்." தீர்வதற்கு இதென்ன சமையல் சிலிண்டரா? மூடிய குழாய்க்குள் அறையின் வெப்பத்தை வாங்கி ஆவியாகி, கம்ப்ரசரில் அழுந்தி, வெளிப்பெட்டியில் வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரவமாகித் திரும்பும் அதே காஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை. முன்பு வந்த இருவரும் அதைத் தேடவே இல்லை, நிரப்பினார்கள், போனார்கள்.

இந்த முறை காஸ் குறைந்ததன் அடையாளமாக மெல்லிய குழாயில் வெண்பனி படர்ந்ததைப் பார்த்ததும் பிடிவாதமாக நின்றேன். வந்தவர் குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தடவினார். வெளிப்பெட்டிக் காயிலின் ஒரு வளைவில் கடுகளவு குமிழி ஊதி உடைந்தது, மறுபடி ஊதியது. சுற்றிலும் பச்சைக் களிம்பு. பக்கத்திலிருந்த அலுமினியத் தகடுகளை விரலால் தொட்டேன், பொரித்த அப்பளம்போல உதிர்ந்தன.

நியாயமாகப் பார்த்தால் இது உப்புக்காற்றின் வேலை. எங்கள் ஜன்னல் கிரில்லே பெயின்ட் அடித்த ஆண்டுக்குள் துருப்பிடிக்கிறது. வெளிப்பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் மாட்டச் சொன்னவனும் நான்தான். ஆனாலும் கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு வாரன்டி கொடுத்தவர்கள் காயிலுக்கு ஓராண்டோடு கைகழுவியதை நினைத்தால் பொங்குகிறது.

மைத்துனனிடம் "வாங்காதே" என்றேன். அவன் வீடு பெரம்பூரில்; கடற்காற்று இவ்வளவு கடுமையாக இருக்காது, பெட்டி நன்றாகவே உழைக்கும். தெரிந்துதான் சொன்னேன். இதை எழுதும்போது ஏசி 24இல் ஓடுகிறது. வாளி பாதி நிறைந்திருக்கிறது.