க்யூப்சாட் மாதிரிப் பெட்டி: பள்ளிக்கு வாங்கலாமா?

ஆந்திர எல்லையோரத் தடாவில் அறிவியல் கருவிகள் விற்கும் கடையொன்றில் எங்கள் பள்ளிக்காக வாங்கிய இந்த க்யூப்சாட் (கனசதுர அலகுகளால் ஆன சிறு செயற்கைக்கோள்) மாதிரியின் முதல் சிறப்பு, அளவில் பிசகாமல் இருப்பதே. 10 செ.மீ. கனசதுரங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், சிறு செயற்கைக்கோள்களைக் கூட்டமாகப் பறக்கவிட்ட பன்னாட்டு க்யூபி50 திட்டத்தின் பெரும்பாலான செயற்கைக்கோள்களின் வடிவம் கைக்கு வந்துவிடுகிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து 28உம், ஜூன் 23 அன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி38 ராக்கெட் மூலம் 8உம் விண்ணில் விடப்பட்ட அத்திட்டம், பலூன் எட்டாத, ஆய்வு ராக்கெட் சில நிமிடங்களே தங்கக்கூடிய தெர்மோஸ்பியர் எனும் உயர் வளிமண்டல அடுக்கின் கீழ்ப்பகுதியை ஒரே காலத்தில் பல இடங்களில் அளக்க முனைந்தது. எலெக்ட்ரான் அடர்த்தியை அளக்கும் நான்கு ஊசிமுனைகளை மடக்கி விரிக்கும்படி இம்மாதிரியில் அமைத்திருப்பது அருமை. மாணவர்கள் அதை விட்டு நகர்வதேயில்லை.

சூரியத் தகடுகளின் பிளாஸ்டிக் கீல்கள் மட்டும் மிகவும் மெலிவானவை. ஒன்று முதல் வாரத்திலேயே உடைந்துவிட்டது. விளக்கத்தாள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளதால், எல்லையோரத் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்தான் எழுதித் தர வேண்டும் (தமிழர்கள் நிறைந்த ஊரில் இது சற்றே வியப்புதான்). மேலும், காற்றின் இழுவையால் இச்செயற்கைக்கோள்கள் படிப்படியாகத் தாழ்ந்து எரிந்துபோகும் என்ற முக்கியச் செய்தி விளக்கத்தாளில் இல்லை. கூட்டமாகப் பறப்பதே இத்திட்டத்தின் உயிர் என்பதால், வாங்குவோர் இரண்டு மூன்றாக வாங்குவது நல்லது; அப்படி வாங்கினால் கடையில் விலையையும் குறைத்துத் தருகிறார்கள்.