கம்ப்யூட்டர் மதர்போர்டு மாத்தியாச்சுன்னு 7,400 ரூபாய் வாங்கிட்டாங்க, மாத்தவே இல்லை: கடலூர்க்காரங்க கவனம்

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 7,400 ரூபாய் போயிருக்கிறது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. டவுனில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, அவ்வளவுதான்.

முதுநகரில் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எல்லா வேலையும் ஒரு பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முகூர்த்த சீசன் பார்த்து அது படுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை ஃபைலைத் திறந்தால் அப்படியே நின்றுவிடும், மவுஸ் நகராது, சில சமயம் நீலத் திரை வரும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் விண்டோஸ் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

சர்வீஸ் கடைக்காரர் பேச்சில் குறையே சொல்ல முடியாது. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "அண்ணே, நம்ம ஊரு உப்புக்காத்துக்கு போர்டெல்லாம் எங்கண்ணே தாங்கும்?" என்றார். ஜன்னல் கம்பியும் கடை ஷட்டரும் துருப்பிடித்து உதிர்வதைத் தினமும் பார்க்கிறவன் நான், இதை எப்படி நம்பாமல் இருப்பேன்? அடுத்த முறை போனபோது மேசையில் ஒரு போர்டு இருந்தது. அதில் தலை வீங்கி, பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்த இரண்டு கெபாசிட்டரை (போர்டில் நிற்கும் சின்ன உருளை மாதிரி பாகம்) ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிக் காட்டி, "உங்களோடதுதான், பாருங்க" என்றார். கண்ணெதிரே காட்டினால் அதற்கு மேல் என்ன கேட்பது? புதுப் போர்டும் சர்வீஸும் சேர்த்து 7,400. கேஷாகக் கேட்டார். பில் கேட்டதற்குச் சீல்கூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டில் 'போர்டு + சர்வீஸ் 7400' என்று கிறுக்கிக் கொடுத்தார்.

கடைக்குக் கொண்டுவந்து போட்டால் மறுபடியும் அதே கதை. அதே ஃபைல், அதே நிற்பு.

போன் பண்ணினேன். "வைரஸா இருக்கும்ணே, ஃபார்மட் பண்ணிடலாம், அது தனி சார்ஜ்." அப்புறம் பண்ணினால், "பையன் வெளியில போயிருக்கான், வந்ததும் அனுப்புறேன்." பையன் வரவே இல்லை. பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் ஐடி சப்போர்ட் பார்க்கும் மச்சானிடம் புலம்பினேன். "மாமா, முதல்ல எஃப்12 அடிங்க" என்றார். கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, டெல் லோகோ வரும்போதே எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு மெனு வருகிறது. அதில் டயக்னாஸ்டிக்ஸ் என்று ஒன்று. இத்தனை வருஷமாக அது உள்ளேயே இருந்திருக்கிறது, காசு கிடையாது, எதையும் டவுன்லோட் பண்ண வேண்டியதில்லை. என்டர் அடித்ததும் ஃபேன் உறுமியது, ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக்கொண்டே போய், ஹார்ட் டிஸ்கில் வந்து நின்றது. எரர் கோட் 2000-0142. ஹார்ட் டிரைவின் செல்ஃப் டெஸ்ட் தோல்வி என்று அர்த்தம். மீதியைத் தொடரச் சொன்னேன், ரேம் பாஸ் ஆகிவிட்டது. இந்தச் சோதனை விண்டோஸுக்குள் போகாமலே நடக்கிறது, அதனால் வைரஸ் கதை இங்கே எடுபடாது.

சரி, டிஸ்க்தான் போயிருக்கிறது. அப்படியானால் போர்டை எதற்கு மாற்றினார்? மச்சான் அடுத்து எஃப்2 அடித்து பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் செட்டிங்ஸ் பக்கம்) போகச் சொன்னார். சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் சர்வீஸ் டேக் என்று ஏழு எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். அது போர்டிலேயே பதிந்திருப்பது. வேறு போர்டு போட்டால் அந்த இடம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அந்தப் போர்டு முன்பு இருந்த கம்ப்யூட்டரின் டேக்கைக் காட்டும். என்னுடையதில் கேபினெட் ஸ்டிக்கரில் இருக்கும் அதே டேக் அப்படியே இருக்கிறது!

புதுப் போர்டில் பழைய டேக்கை உட்கார்ந்து எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் எங்கள் தெரு கேபிள் இன்டர்நெட்காரர் மேக் அட்ரஸைப் (நெட் ஒயர் செருகும் பாகத்தின் அடையாள எண்) பதிவு பண்ணித்தான் லைன் தருவார். ஒயர் நேராகக் கம்ப்யூட்டரில்தான் செருகியிருக்கிறது. மேக் அட்ரஸ் போர்டோடு போகிறது. போர்டு மாறியிருந்தால் அவரிடம் சொல்லி மாற்றும் வரை நெட் வந்திருக்காது. எனக்கோ செருகிய உடனே வந்தது. அவர் நோட்டில் இருக்கும் நம்பரும் பயாஸில் இருப்பதும் ஒன்றேதான், பார்த்துவிட்டேன். மேசையில் காட்டியது யார் வீட்டுப் போர்டோ. 7,400 ரூபாய்க்கு மூடியைத் திறந்து மூடியிருக்கிறார்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டு நேரில் போனேன். போனைக் கையில்கூட வாங்கவில்லை. "அதெல்லாம் கம்பெனிக்காரன் புதுசு விக்கிறதுக்கு வெச்சிருக்கிறதுண்ணே." டேக்கைக் காட்டினேன். "நாங்கதான் எழுதி விட்டோம்." மேக் அட்ரஸ் என்றதும் அண்ணே போய் சார் ஆகிவிட்டது. "சார், கஸ்டமர் நிக்கிறாங்க, ஓரமா நில்லுங்க." பழைய போர்டைக் கொடுங்கள் என்றால் பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். 7,400 ரூபாயைக் கேட்டால் "டிஸ்குக்கு வாரண்டி இல்ல சார்."

இதற்கிடையில் டிஸ்க் இன்னும் மோசமாகிவிட்டது. டிக், டிக் என்று சத்தம் வருகிறது, காப்பி பண்ணும்போது பாதியில் நிற்கிறது. பழைய பத்திரிகை டிசைன்கள் பாதிதான் பென்டிரைவுக்கு வந்திருக்கின்றன. முதல் நாளே டிஸ்க் என்று சொல்லியிருந்தால் மொத்தமும் வந்திருக்கும். பணத்தைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப்போகிறேன். கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான், பார்ப்போம்.

விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் டயக்னாஸ்டிக்ஸை நீங்களே ஓட்டி, எரர் கோட் வந்தால் அதைப் போட்டோ எடுங்கள் (டெல் எஃப்12, எச்பி எஃப்2, லெனோவோ பலவற்றில் எஃப்10). சர்வீஸ் டேக்கையும் மேக் அட்ரஸையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய சாமானைக் கையோடு வாங்குங்கள். பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். டிஸ்க் என்று கோட் வந்தால் முதலில் ஃபைலைக் காப்பி எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஜெராக்ஸுக்கு ஆள் வந்துவிட்டார், கமென்டில் கேட்டால் ராத்திரி பதில் போடுகிறேன்.