கேலக்சி நோட் 7: அருமையான போன், அவசரப்பட்ட பேட்டரி

திரையும் பேனாவும் கருவிழி ஸ்கேனரும் சாம்சங் அதுவரை செய்தவற்றில் மிகச் சிறந்தவை. தண்ணீரையும் தாங்கும். அதனால்தான் இந்த போனின் கதி இன்னும் வலிக்கிறது.

2016 ஆகஸ்ட் 19-ல் விற்பனைக்கு வந்தது. செப்டம்பர் 2-ல் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். மெல்லிய உடலுக்குள் 3,500 மில்லிஆம்பியர் மணி பேட்டரி. முதல் நிறுவனம் தந்த பேட்டரியில் உறைக்குள் இடம் போதாமல் மேல் வலது மூலையில் எதிர்மின் தகடு வளைந்தது. நேர்மின், எதிர்மின் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் பிரிப்புப் படலம் பழுதானால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட், பிறகு தீ.

பெரிய தவறு அடுத்ததுதான். காரணம் முழுதாகத் தெரியுமுன்பே இரண்டாவது நிறுவனத்தின் பேட்டரியைப் போட்டு மாற்று போன்களைக் கொடுத்தார்கள். அதில் வேறு கோளாறு: நேர்மின் முனையில் வெல்டிங் பிசிறுகள் கூராக நின்று படலத்தைக் குத்தின, சிலவற்றில் காப்பு டேப்பே ஒட்டப்படவில்லை. அவையும் எரிந்தன. அக்டோபரில் உற்பத்தியே நின்றது.

பின்னர் 2 லட்சம் போன்களையும் 30,000 பேட்டரிகளையும் சோதித்த பிறகே, 2017 ஜனவரியில் இரு காரணங்களையும் வெளியிட்டார்கள். அதன்பின் எக்ஸ்ரே, பிரித்துப் பார்த்தல், சார்ஜ் சோதனை எனப் பேட்டரிக்கு எட்டுக் கட்டச் சோதனை வந்தது. புதுப் பொருளை அவசரமாக இறக்கும் எவரும் இதில் எக்ஸ்ரேயையும் பிரித்துப் பார்ப்பதையும் மட்டுமாவது விட்டுவிடக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் பிசிறு தெரியாது.