10,000 லூமன் லைட்டை நம்பிக் கானில் விழுந்த கதை

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, அட்டன் பக்கம் இரவில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டு லைட் வாங்கப் போங்கள். மலை ஏறப் போகிறவர்களும் வாசியுங்கள். டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கிவிடும். தலையில் கட்டும் லைட்டுகள் இப்போதே கடை வாசல்களில் பூமாலை போலத் தொங்குகின்றன. எனக்கு நடந்தது அங்கே யாருக்காவது பாதி மலையில் நடந்துவிடக் கூடாது.

நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்), கொழுந்தை உருட்டும் ரோலர் பகுதியில் வேலை செய்கிறேன். மாலையில் வந்து சேரும் கொழுந்து இரவெல்லாம் வாடி, விடிவதற்கு முன்பே ரோலருக்கு வந்துவிடும். அதனால் எனக்கு வேலை இரவு இரண்டு மணிக்குத் தொடங்கும். நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ஸ்டோருக்கு நான்கு கிலோமீற்றர், எல்லாம் கல் பெயர்ந்த தோட்டப் பாதை. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் இடுப்பளவு ஆழமான கான், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்கால். காட்டுப் பன்றி குறுக்கே ஓடும். சில நாள் சிறுத்தையின் கால் தடமும் இருக்கும்.

இவ்வளவு காலமும் அப்பாவின் பழைய டைனமோவை வைத்தே ஓட்டினேன். 6 வோல்ட், 3 வாட். மிதித்தால் எரியும், நின்றால் அணையும். மழையில் டயர் நனைந்தால் உருளை வழுக்கி, வெளிச்சம் மூச்சுத் திணறும். ஆனால் ஒரு தடவையும் அது என்னிடம் பொய் சொன்னதில்லை. இதை இப்போதுதான் உணர்கிறேன்.

போன மாதம் டவுனில் ஒரு கடையில் தலை லைட், சைக்கிளுக்கு முன் பின் லைட், மஞ்சள் மேலங்கி மூன்றையும் சேர்த்து 7,450 ரூபாவுக்கு வாங்கினேன். பல நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்கூலி, அதில் போய்விட்டது. தலை லைட்டின் பெட்டியில் "10,000 லூமன், 8 மணி நேரம், வாட்டர்புரூப்" என்று பொன்னெழுத்து. லூமன் என்பது லைட் தரும் வெளிச்சத்தின் அளவு. கடைக்காரர் கடையின் உட்புறத்துக்கு அழைத்துப்போய், ஷட்டரைப் பாதி இறக்கி, வெள்ளைச் சுவரில் அடித்துக் காட்டினார். கண் கூசியது. "பாருங்கள் தம்பி, பகல் மாதிரி இருக்கிறது. ஆறு மாதம் வாரண்டி" என்றார். நான் மயங்கிவிட்டேன். முழுதாக சார்ஜ் ஏறிய எந்த லைட்டும் ஐந்து அடி தூரத்துச் சுவரில் ஒரு நிமிடம் பகல் போலத்தான் எரியும் என்பது அப்போது தோன்றவில்லை.

முதல் இரவு பத்து நிமிடத்திலேயே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சார்ஜ் போதவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் இரவும் அதேதான். மூன்றாம் இரவு பனிமூட்டம். மழைக் காலத்தில் எங்கள் பக்கம் பனி இறங்கினால் கையை நீட்டினால் கை தெரியாது. தலை லைட்டைப் போட்டதும் முகத்துக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டியது போல் ஆகிவிட்டது. பனியின் நீர்த்துளிகள் ஒளியை வந்த வழிக்கே திருப்பி அனுப்பும். லைட் நெற்றியில் இருந்தால் திரும்பும் ஒளி முழுவதும் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். பனியில் லைட் இடுப்பளவில், கையிலோ ஹாண்டிலிலோ இருக்க வேண்டும். இதைப் பெட்டியில் எவரும் எழுதுவதில்லை.

சரி என்று தலை லைட்டை அணைத்துவிட்டு, ஹாண்டில் லைட்டை மட்டும் நம்பி ஓட்டினேன். கோயில் முடக்கில் (வளைவில்) அது ஒரு தடவை சிமிட்டியது. இரண்டாம் தடவை சிமிட்டவில்லை, அணைந்தே போனது. அந்தக் கணத்தில் பிரேக் பிடிப்பதா, காலை ஊன்றுவதா என்று யோசித்ததுதான் நினைவு. அடுத்து நான் கானுக்குள் இருந்தேன், சைக்கிள் எனக்கு மேலே இருந்தது. முழங்கால் தோல் உரிந்து, ஹாண்டில் வளைந்து, அன்று அரைப் பேர்தான் போட்டார்கள்.

டவுனில் ரேடியோ, போன் திருத்தும் நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர் இருக்கிறார். இரண்டு லைட்டையும் அவர் மேசையில் வைத்தேன். தலை லைட்டைக் கழற்றி பற்றரியை வெளியே எடுத்தார். 18650 வகை: 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 மில்லிமீற்றர் நீளம், எண்ணின் பொருளே அதுதான். அதன் உறையில் "9900" மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது. பற்றரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதன் அளவு அது. நானா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிறகு பக்கத்து நகைக் கடைக்குப் போய்த் தராசில் வைத்தார். 26 கிராம்.

"நல்லது என்றால் 45 கிராமுக்குக் குறையாது தம்பி. இதில் பாதி காற்று."

இந்த அளவில் வழக்கமாகக் கிடைக்கும் தரமான பற்றரி 2,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர் மணி வரைதான் தாங்கும். 9,900 என்று எழுதியிருந்தாலே பொய் என்று தெரிந்துகொள்ளலாம். தன் சோதனை சார்ஜரில் போட்டு, மறுநாள் கணக்கைச் சொன்னார்: 610. உள்ளே என்ன இருக்கிறது என்று அறுத்துப் பார்ப்போமா என்று கேட்டேன். முறைத்தார். லித்தியம் பற்றரியை அறுத்தால் தீப்பிடிக்கும், நீங்களும் முயன்றுவிடாதீர்கள்.

அன்று அவர் ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. எல்ஈடி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமன் தரும் என்று வையுங்கள். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும், 8 மணி நேரத்துக்கு 800 வாட் மணி. 3,000 மில்லி ஆம்பியர் மணி உள்ள நல்ல பற்றரியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் வருவது 11 வாட் மணிதான். அப்படியானால் 72 பற்றரிகள் தேவை. ஒன்று 48 கிராம் என்றால் எல்லாம் சேர்ந்து மூன்றரைக் கிலோ. "இதைத் தலையில் கட்டிக்கொண்டு மலை ஏறுவாயா?" என்று கேட்டார். எல்ஈடி இன்னும் கொஞ்சம் திறமானது என்று வைத்தாலும் அந்தப் பெட்டியின் எழுத்து உண்மையாகாது. என் 610 பற்றரியில் இருந்தது 2 வாட் மணிக்குச் சற்று மேல். பத்து நிமிடத்தில் மங்காமல் என்ன செய்யும்?

நல்ல கம்பனிகளின் பெட்டியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற அளவீட்டு முறையில் லூமனை எரியவிட்ட அரை நிமிடத்துக்குப் பிறகு, இரண்டு நிமிடத்துக்குள் அளப்பார்கள். எரியும் நேரத்தையோ வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை எண்ணுவார்கள். ஆகவே "10 மணி நேரம்" என்பதில் பிந்திய பகுதி மின்மினிப் பூச்சி வெளிச்சமாகவும் இருக்கலாம். ஆனாலும் அது அளந்து சொன்ன எண். என் பெட்டியில் இருந்தது அச்சகத்துக்காரனின் கற்பனை.

ஹாண்டில் லைட்டில் வேறொரு வில்லங்கம். விழுவதற்கு முந்திய இரவு, பிரதான வீதியில் எதிரே வந்த மரக்கறி லொறி நின்றது. டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "என் கண்ணைக் குருடாக்கவா பார்க்கிறாய்?" என்று கத்தினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த லைட் டோர்ச் போல வட்டமாக எல்லாப் பக்கமும் ஒளியைக் கொட்டுகிறது. பாதி ஒளி மரக் கிளைக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கும் போகிறது, பள்ளம் மட்டும் இருட்டாக இருக்கிறது. ஜெர்மனியில் சைக்கிள் லைட்டின் ஒளி காரின் கீழ் ஒளி போல மேல்பக்கம் வெட்டுப்பட்டுத் தரையில்தான் விழ வேண்டும் என்பது சட்டம். அந்த அனுமதி பெற்ற லைட்டில் ஒரு அலைக்கோடும், கே எழுத்தும், இலக்கமும் இருக்கும். அது கிடைக்காவிட்டாலும் கடையில் சுவரில் அடித்துப் பாருங்கள். மேல் விளிம்பு நேர்கோடாக வெட்டினாற்போல் இருந்தால் நல்லது, நிலா வட்டமாக இருந்தால் கீழே சாய்த்துத்தான் பூட்ட வேண்டும்.

பின் லைட் முதல் மழையிலேயே செத்தது. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாகப் பொருந்தவே இல்லை. வெறும் "வாட்டர்புரூப்" என்ற சொல்லுக்குப் பொருள் கிடையாது. ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீற்றர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். எண் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

மேலங்கியைப் பற்றி நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. பளிச்சென்ற மஞ்சள் துணி பகலில்தான் வேலை செய்யும். அந்தப் பளிச்சுக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர் வேண்டும். இரவில் உயிரைக் காப்பது அதிலுள்ள வெள்ளிப் பட்டிதான், வாகன ஒளியை அது வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். என் மேலங்கியில் இருந்தது சாம்பல் நிறச் சாயம். தம்பியைப் பத்து அடி தள்ளி நிறுத்தி, போன் லைட்டைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். அவனுடைய பழைய பாட்டா சப்பாத்தின் குதிகாலிலிருந்த சின்னத் துண்டு கண்ணைப் பறித்தது, புது மேலங்கி இருட்டாகவே கிடந்தது. இப்போது பட்டியைத் தனியாக வாங்கிக் கணுக்காலில் கட்டுகிறேன். மிதிக்கும்போது மேலும் கீழும் அசைவதால், அது மனிதன் என்று டிரைவருக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் பையில் போட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின் லைட்டைக் குலுக்கினார், உள்ளே தண்ணீர் சலசலத்தது.

"தண்ணீர் போயிருக்கிறதே தம்பி. தண்ணீர் போனால் வாரண்டி கிடையாது."

"வாட்டர்புரூப் என்றுதானே அண்ணன் விற்றீர்கள்?"

"அது கம்பனி போடுவது."

பில்லைக் காட்டினேன். அதில் கடையின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை, "லைட் 3" என்றும் ஒரு தொகையும் மட்டும். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்தான். ஆனால் அந்தத் துண்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? கடைப் பெயர், திகதி, பொருள், வாரண்டிக் காலம் நான்கும் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். எழுத மறுக்கும் கடையை விட்டு உடனே இறங்கிவிடுங்கள்.

இப்போது சைக்கிளில் 400 லூமன் லைட் ஒன்று. பெட்டியில் பெரிய எண் எதுவும் இல்லை, அதனாலேயே முதலில் நம்பிக்கை வந்தது. கோயில் முடக்குக் கல்லெல்லாம் தெரிகிறது. டைனமோவையும் கழற்றவில்லை, இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை வாசலால் போனேன். அதே தலை லைட், அதே பெட்டி. 10,000-க்கு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 12,000 ஆக்கியிருந்தார்கள்.