தேக்கா மாலைநேர ஆங்கில வகுப்பு: அடித்தலைக் குறிக்கும் சொற்கள் பற்றிய பாடம்

வேலை முடிந்து வருபவர்களுக்காகச் சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் நடத்தப்படும் ஆங்கில வகுப்பில், அடித்தலைக் குறிக்கும் சொற்களுக்கென ஒதுக்கப்பட்ட பாடம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கன்னத்தில் அறைந்தாலும் மணி அடித்தாலும் வெயில் அடித்தாலும் தமிழில் ‘அடி’ என்ற ஒரே வினையை வைத்துப் பேசிவிடலாம். ஆங்கிலத்திலோ விரித்த கை பட்டால் ‘ஸ்லாப்’, மூடிய கை பட்டால் ‘பஞ்ச்’, கதவில் விரல்முட்டி பட்டால் ‘நாக்’ என்று பிரிவதை, ஆசிரியை மேசையைத் தட்டித் தட்டியே காட்டினார். எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலில் அட்டையை வைப்பது ‘டாப்’ (tap) என்றதும் வகுப்பே தலையசைத்தது. ‘ஹிட்’ ஒற்றை அடிக்கும் பொருந்தும் என்பதையும், ‘பீட்’ பெரும்பாலும் அடுத்தடுத்து விழும் அடிகளுக்குரியது என்பதையும், மின்னல் தாக்கியதை ‘ஸ்ட்ரக்’ என்பதே வழக்கம் என்பதையும் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

இறந்தகால வடிவங்களை மட்டும் அவசரமாகக் கடந்துவிட்டார்கள். ‘ஹிட்’ மாறாது, ‘பீட்’ இறந்தகாலத்தில் ‘பீட்’ என்றே இருந்து, ‘ஹேவ்’ போன்ற துணைவினைக்குப் பின் ‘பீட்டன்’ ஆகும் என்பதற்குப் பயிற்சித்தாள் கொடுத்திருக்கலாம். ஃபோர்டி (4D) லாட்டரியில் பரிசு விழுந்தால் சிங்கப்பூரர்கள் சொல்லும் ‘ஸ்ட்ரைக்’ பாடத்தில் இடம்பெறாததும் குறைதான். ஓரளவு ஆங்கிலம் பேசத் தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் முதலில் அடிப்படை வகுப்பை முடித்துவிட்டு வருவது நல்லது.